ஒரு மீட்டர், மூணு அடுப்பு: குடியாத்தத்துல நான் தப்பா போட்ட ஒரு கணக்கு

கரண்ட்டு பில்லை வச்சு எந்த வீடு வசதி, எந்த வீடு கஷ்டம்னு நானே போட்ட லிஸ்ட்டை மேல இருந்து கீழ ஸ்க்ரோல் பண்ணிட்டு வந்தப்போ ஒரு இபி சர்வீஸ் நம்பர் எங்கேயோ பாத்த மாதிரி இருந்துச்சு, பேரைப் பாத்தா என் பெரியப்பா. அவர் செத்து ஒம்போது வருஷம் ஆச்சு. என் கணக்குப்படி அந்த வார்டுலயே வசதியான பத்து வீட்டுல அவர் வீடும் ஒண்ணு, அவரு 'குடும்பத் தலைவர்'. அந்த வீட்டுல இப்ப பெரிம்மா பீடி சுத்திட்டு இருக்கா.

எப்படி இப்படி ஆச்சுன்னு நானே தோண்டிப் பாத்த கதைதான் இது. தப்பு யாரோடதுன்னு முன்னாடியே சொல்லிடறேன், என்னோடது.

ஊர்ல நாலஞ்சு பேர் சேர்ந்து நடத்தற ஒரு சின்ன அமைப்பு, பேரு வேணாம், பொம்பளைங்களுக்கு தையல் பயிற்சி கொடுத்து மெஷின் வாங்க கைமாத்து மாதிரி கடன் கொடுக்கலாம்னு இருந்தாங்க. எந்தத் தெருவுல ஆரம்பிக்கறது, யாருக்கு முதல்ல கொடுக்கறதுன்னு கேள்வி. வீடு வீடா சர்வே எடுக்க காசு இல்ல, ஆளும் இல்ல. நான் சென்னைல டேட்டா வேலை பாக்கறவன், லீவுக்கு வந்தவன் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "சர்வே எதுக்கு, டேட்டாதான் இருக்கே"ன்னு சொல்லிட்டேன். சம்மதம் சொன்ன வீட்டுக்காரங்க கிட்ட இபி அட்டையை போட்டோ எடுத்து, ரெண்டு வருஷ பில்லை எடுத்து, கூட சாட்டிலைட் எடுத்த ராத்திரி வெளிச்சப் படத்தையும் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மார்க் போட்டேன். கரண்ட்டு ஜாஸ்தி ஓடினா வசதி, கம்மியா ஓடினா கஷ்டம். இதுக்கு மேல இதுல பெரிய விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல.

ஆனா இப்படி யோசிச்சதுக்கு எனக்கு தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா அது சும்மா வந்த தைரியம் இல்ல. கடந்த பதினஞ்சு இருபது வருஷத்துல பொருளாதார ஆராய்ச்சியே தலைகீழா மாறிடுச்சு. முன்னாடி ஆயிரம், ரெண்டாயிரம் வீட்டுல கேள்வி கேட்டு எழுதுவாங்க, இப்ப யாரும் ஆராய்ச்சிக்குன்னு சேர்க்காத பதிவுகளை எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க. டெல்லில பொறந்து ஒம்போது வயசுல அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பையன், பொருளாதார வல்லுநர் ராஜ் செட்டி, அங்க உள்ள வருமான வரிப் பதிவுல இருந்து 4 கோடி பிள்ளைங்களையும் அவங்க அப்பா அம்மாவையும் இணைச்சுப் பாத்து, ஏழை வீட்டுப் பிள்ளை மேல வர்ற வாய்ப்பு ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுதுன்னு 2014ல காட்டினாரு. நாலு கோடி பேரை எந்த சர்வேவும் கேட்டு முடிக்காது. அர்ஜென்டினாவுல 2007ல இருந்து 2011 வரைக்கும் அரசாங்கம் விலைவாசி வருஷத்துக்கு சுமார் 8 சதவீதம் ஏறுதுன்னு சொல்லிட்டு இருந்தப்போ, அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில இருந்த ஆல்பர்டோ கவாயோ சூப்பர்மார்க்கெட் வெப்சைட்டுங்கள்ல தினம் தினம் விலையை எடுத்து கணக்கு போட்டா 20க்கு மேல வந்துச்சு. அரசாங்கத்தோட பொய்யை வெப்சைட்டு விலைப்பட்டியல் காட்டிக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. அப்புறம் ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வெய்ல்னு மூணு பொருளாதார வல்லுநருங்க 2012ல, கணக்கு சரியா இல்லாத நாடுகள்ல வளர்ச்சியை வானத்துல இருந்து தெரியற ராத்திரி வெளிச்சத்தை வச்சு அளக்கலாம்னு காட்டினாங்க.

இதெல்லாம் படிச்சவனுக்கு குடியாத்தம் வார்டு எம்மாத்திரம்னு தோணுமா தோணாதா? தோணுச்சு.

பெரிம்மா வீட்டுக்கு போனேன்

மார்க் ஷீட்டை போன்ல வச்சுக்கிட்டு போனேன். பெரிம்மா வாசல்படில உக்காந்து மடியில முறம் வச்சு, நனைச்ச இலையை தகடு வச்சு வெட்டிட்டு இருந்தா. தூளைப் போட்டு ஒரு உருட்டு, நூலு ஒரு சுத்து, தலையை மடக்கி ஒரு அழுத்து, அவ்வளவுதான், முகத்தைக் கூட கீழ குனியல. பீடி சுத்தறதுக்கு கரண்ட்டே வேணாம். அதுக்கு வேணுங்கறது பகல் வெளிச்சம், அதனாலதான் தெரு பூரா பொம்பளைங்க வாசல்ல உக்காந்திருப்பாங்க. அவ சம்பாத்தியத்துல ஒரு ரூபா கூட என் மாடலுக்கு தெரியாது.

"இன்னாடா திடீர்னு வந்து நிக்கற"ன்னா. விஷயத்தை சொன்னேன். இலையை கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, "அப்ப உன் கணக்குல நான் பணக்காரியா? அந்த துட்டு எங்க கீதுன்னு அந்த கம்ப்யூட்டரையே கேளு நைனா, எடுத்துக்கறேன்"ன்னா. பக்கத்து வீட்டு பொம்பளைங்க சிரிச்சு முடிக்க பத்து நிமிஷம் ஆச்சு.

அப்புறம் வீட்டை சுத்திப் பாத்தேன், சின்ன வயசுல இருந்து நூறு தடவை போன வீடுதான், ஆனா கணக்குக் கண்ணால பாத்தது அன்னிக்குத்தான். முன் கட்டுல பெரிம்மா தனியா சமைச்சு சாப்பிடறா. மாடியில ஷீட்டு போட்ட ரூம்ல அண்ணன் குடும்பம், அவன் பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்கு கம்பெனி பஸ்ல போறான், அவங்களுக்கு தனி சமையல், தனி ரேஷன் கார்டு. பின் கட்டுல ஒரு வாடகைக் குடும்பம், அந்தக்கா ரெண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைச்சு தெருவுக்கு சப்ளை பண்றாங்க. மூணு அடுப்பு, மூணு தனித்தனி வருமானம், எல்லாம் பெரியப்பா பேருல இருக்கற ஒரே மீட்டர்ல. வாடகைக்காரங்களுக்கு ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு பெரிம்மா வாங்கிக்கறா, அது எந்தப் பதிவுலயும் கிடையாது.

ரெண்டு மாசத்துக்கு 640 யூனிட் ஓடுது. மூணா பிரிச்சா ஒரு அடுப்புக்கு 213. அதுலயும் பெரும்பங்கு கிரைண்டர் இழுக்கறது. அந்தக்காவுக்கு கரண்ட்டுங்கறது ஏசி மாதிரி சொகுசு இல்ல, தொழிலோட முதலீடு. யூனிட் ஏறினா அந்த மாசம் மாவு நல்லா வித்திருக்குன்னு அர்த்தம், இல்ல வெயில்ல மாவு புளிச்சு ரெண்டாவது தடவை அரைச்சிருக்காங்கன்னும் அர்த்தம். வேலூர் வெயிலுக்கு ரெண்டும் நடக்கும்.

திரும்பி வர்ற வழியில மூலை வீடு. ரெண்டு மாடி, கீழ கார் நிக்குது, லுங்கி யாவாரம். என் ஷீட்ல இவருக்கு மூணு வரிசை, மூணுமே 'கஷ்டமான வீடு'. எப்படின்னா கீழ் வீட்டுக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, மூணும் வேற வேற பேருல. இதுல அவரு ஒண்ணும் கொலை பண்ணல. நான் கணக்கு போட்டப்போ நம்ம ஊர்ல வீட்டு கரண்ட்டுக்கு ரெண்டு மாச பில்லுல முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல படிப்படியா ரேட்டு ஏறும், 500ஐ தாண்டினா கீழ்ப்படி சலுகையும் போயிடும். அதனால கூடுதல் மீட்டர் வாங்க முடிஞ்சவன் வாங்கிப் பிரிச்சுக்கறான். பிரிச்சுக்க முடியாதவன், பட்டா தகராறு, பேரு மாத்தாத பத்திரம், டெபாசிட் கட்ட காசில்லாதது இப்படி ஏதோ ஒண்ணுல மாட்டினவன், எல்லாரும் ஒரே மீட்டர்ல தொங்கறாங்க. ஆக என் கணக்கு லேசா சறுக்கல, நேர் எதிரா போயிருக்கு. வசதியானவனோட கரண்ட்டு துண்டு துண்டா கம்மியா தெரியுது, ஏழைங்களோடது ஒண்ணா குவிஞ்சு ஜாஸ்தியா தெரியுது. இதை எதேச்சையான பிழைன்னு தள்ளிட்டு, நிறைய வீடு எடுத்தா சராசரில சரியாப் போயிடும்னு சொல்ல முடியாது. லட்சம் வீடு எடுத்தாலும் அதே பக்கம்தான் சாயும். பெரிய டேட்டா தப்பை சின்னதாக்கல, அந்தத் தப்பு மேல எனக்கு இருந்த நம்பிக்கையைத்தான் பெருசாக்குச்சு.

சாட்டிலைட்டும் உதவல. அந்த சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல வர்ற நேரம் ராத்திரி ஒன்றரை மணி வாக்குல. அந்நேரத்துக்கு ஊர்ல எரியறது பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், தெருவிளக்கு. படத்துல ஒரு கட்டம் சுமார் அரை கிலோமீட்டர், அதுக்குள்ள பெரிம்மா வீடும் மூலை வீடும் சேர்ந்தே அடங்கிடும். இன்னொரு வேடிக்கை, மஞ்சளா எரியற சோடியம் விளக்கை எடுத்துட்டு வெள்ளை எல்இடி போட்டா அந்த சென்சார்க்கு வெளிச்சம் குறைஞ்ச மாதிரி தெரியும், ஏன்னா எல்இடில இருக்கற நீல ஒளி அதுக்கு சரியா தெரியாது. ஊரு புது விளக்கு போட்டா வானத்துல இருந்து பாக்க ஊரு இருட்டாப் போச்சு. நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட இது அருமையான கருவிதான், அதைக் கொண்டு வந்து தெருவுக்கு தெரு வச்சது என் புத்தி.

வேலூர் பக்கம் இன்னும் கொஞ்சம் மாயம்

இதுக்கப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுது, நம்ம பக்கத்து டேட்டாவுல இந்த மாதிரி இன்னும் எத்தன இடம் இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

யுபிஐ எடுத்துக்குங்க. 2016ல வந்தது, 2023 ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஒரே மாசத்துல 1000 கோடி பரிவர்த்தனையை தாண்டிச்சு. இதை வச்சு எந்த ஊர்ல செலவு கூடுதுன்னு பாக்கறது இப்ப சகஜம். வேலூர் டவுன்ல அப்படிப் பாத்தா காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் செலவு கொட்டும். அங்க செலவு பண்றவங்கள்ல நிறைய பேரு சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்க மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குல இருந்து காட்பாடில இறங்கினவங்க. லாட்ஜு, பெங்காலி எழுத்துல போர்டு போட்ட மெஸ், மருந்துக்கடை. அது உண்மையான பணம், கடைக்காரனுக்கு உண்மையான வருமானம். ஆனா அது நோயாளியோட துயரச் செலவு, கொல்கத்தா பக்கம் வித்த நிலத்தோட காசு கூட அதுல இருக்கலாம். அதைப் பாத்துட்டு வேலூர் குடும்பங்க தாராளமா செலவு பண்றாங்கன்னு ரிப்போர்ட் எழுதினா எப்படி இருக்கும்?

தோல் தொழிலுக்கு வாங்க. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 வந்துச்சு, 2018ல இருந்து இ-வே பில், அதாவது சரக்கை ஏத்தி அனுப்பறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு. சரக்கு லாரி நகர்றதை வச்சு தொழில் எப்படி போகுதுன்னு மாசாமாசம் பொருளாதார வல்லுநருங்க கணிக்கறாங்க, நிஜமாவே நல்ல கருவி, தொழிற்சாலை புள்ளிவிவரம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே இது சொல்லிடும். ஆம்பூர், ராணிப்பேட்டைல இருந்து கிளம்பற ஷூ, தோல் சரக்கு இதுல பளிச்சுனு தெரியும். தெரியாதது என்னன்னா, ஷூவோட மேல்பாகத்தை மூட்டையா கட்டி டிவிஎஸ் 50ல வச்சு தெருத்தெருவா கொடுத்துட்டுப் போறது, வீட்டுல பொம்பளைங்க ஊசி வச்சு கையால தைச்சு ஜோடிக்கு இவ்வளவுன்னு வாங்கறது. தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள சரக்குக்கு இ-வே பில்லே வேணாம், டிவிஎஸ் 50ல லட்ச ரூபா சரக்கு ஏறாது. அந்த ஷூ கடைசில கன்டெய்னர்ல ஏறும்போது பில்லு வரும், தைச்ச விரலு வராது.

பள்ளிகொண்டா டோல்கேட்ல ஃபாஸ்டாக் எண்ணிக்கையை வச்சு ஊரு எப்படி இருக்குன்னு பாக்கறது இன்னொரு கூத்து. அந்தப் பாதைல போற லாரியும் பஸ்ஸும் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவுல ஓடறது, நம்ம ஊர்ல டீ குடிக்கக் கூட நிக்காது.

விலைவாசிக்கு வெப்சைட்டுல விலை எடுக்கற வேலையை பொய்கை மாட்டுச்சந்தைல பண்ணிப் பாருங்க. செவ்வாக்கிழமை சந்தை. பழைய தரகருங்க இன்னும் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்கே தெரியாது, கவாயோவோட ப்ரோக்ராம் துண்டை எப்படி விலக்கும்?

மாவட்டம் பிரிச்ச கதை தனி. பழைய வட ஆற்காடு 1989ல ரெண்டாச்சு, அப்புறம் 2019 நவம்பர் 28ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியா போச்சு. 2011 சென்சஸ்ல வேலூர் மாவட்டம் 39,36,331 பேரு, 2021ல நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போச்சு, அதனால இன்னிக்கும் பல மாடலுக்கு அடியில அந்த 2011 நம்பர்தான் உக்காந்திருக்கு. ஆம்பூர் ஒரு அடி கூட நகரல, ஆனா 2019க்கு அப்புறம் எடுத்த டேபிள்ல வேலூர் மாவட்டத்துத் தோல் தொழில் திடீர்னு சரிஞ்ச மாதிரி இருக்கும். இதைப் பாத்து காரணம் தேடி கொரோனா மேல பழி போட்ட ஒரு பிரசன்டேஷன நான் நேர்ல பாத்திருக்கேன், எங்கன்னு சொல்ல மாட்டேன். குடியாத்தம்ங்கற பேரையே இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதறாங்க, மெஷினுக்கு அது நாலு ஊரு. தண்ணியில்லா ஆறுன்னு நம்ம ஊரை கிண்டல் பண்ணுவாங்களே, அந்த மாதிரி டேட்டாலயும் வரிசை இருக்கும், உள்ள ஓட்டம் இருக்காது.

இந்த மண்ணுல முன்னாடி எண்ணினவங்க

எனக்கு உண்மையிலேயே உறைச்சது இதுதான். சர்வே எதுக்குன்னு நான் கேட்டேன் பாருங்க, உலகத்துலயே சர்வேவுக்கு பேர் போன இடத்துல நின்னுக்கிட்டு கேட்டிருக்கேன். மெட்ராஸ் யுனிவர்சிட்டி முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல பசங்களை கிராமங்களுக்கு அனுப்பி ஒவ்வொரு வீடா எழுதச் சொன்னாரு, அதுல ஒண்ணு காஞ்சிபுரத்துக்கு பக்கத்துல இருக்கற தூசிங்கற கிராமம், அன்னிக்கு அது வட ஆற்காடு. 1930கள்ல பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி எடுத்தாங்க. 1973-74ல இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டிக்காரங்க வந்து வட ஆற்காட்டுல கிராமங்களை எடுத்து பசுமைப் புரட்சி நெல்லு யாருக்கு லாபம்னு பாத்தாங்க, பலன் எதிர்பாத்த அளவுக்கு இல்லன்னாங்க. பத்து வருஷம் கழிச்சு பீட்டர் ஹேசல், சி. ராமசாமின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அதே கிராமங்களுக்கு திரும்பி வந்து, இல்ல, சின்ன விவசாயி, கூலிக்காரங்க வருமானமும் ஏறியிருக்குன்னாங்க. அதை ஒத்துக்காம சண்டை போட்டவங்களும் உண்டு. பார்பரா ஹாரிஸ்-வைட்ங்கற ஆராய்ச்சியாளர் ஆரணிக்கு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி வந்து கடை கடையா எழுதினாங்க.

சில நூறு வீடுதான். ஆனா ஒரு குடும்பம்னா யாரு, ஒரு அடுப்புல யாரு சாப்பிடறாங்க, யாரு யாருக்கு கடன்னு அவங்களுக்கு தெரியும். அதனாலதான் பத்து வருஷம் கழிச்சு வந்து, முன்னாடி சொன்னது சரியா தப்பான்னு சண்டை போட முடிஞ்சுது. என் ஷீட்ட வச்சு யாரும் சண்டை கூட போட முடியாது, அதுல மனுஷனே இல்ல, சர்வீஸ் நம்பர்தான் இருக்கு.

பெரிய டேட்டாவை நல்லா கையாண்டவங்களும் இந்த சின்ன எண்ணிக்கையை விடலங்கறது அப்புறம்தான் கவனிச்சேன். ருவாண்டாவுல ஜோஷ்வா ப்ளூமென்ஸ்டாக் குழு 2015ல 15 லட்சம் பேரோட செல்போன் பதிவை வச்சு யாரு ஏழைன்னு கணிச்சாங்கன்னு ஊரே பேசுச்சு. அதுக்கு அடியில 856 பேருக்கு போன் போட்டு வீட்டுல என்ன இருக்குன்னு கேட்ட சர்வே இருக்கு, அதுதான் மெஷினுக்கு வாத்தியார். டோகோ நாட்டுல 2020 கொரோனா நேரத்துல இதே மாதிரி போன் பதிவும் சாட்டிலைட்டும் வச்சு யாருக்கு உதவிப்பணம் அனுப்பறதுன்னு தேர்ந்தெடுத்தாங்க. பின்னாடி சோதிச்சுப் பாத்தப்போ, ஊரு வாரியா கொடுக்கறதைவிட இதுல விட்டுப்போன ஏழைங்க கம்மி, ஆனா ஒரு முழுமையான குடும்பப் பதிவேடு இருந்திருந்தா அது இதைவிட நல்லா செஞ்சிருக்கும்னு அவங்களே எழுதினாங்க. அவசரத்துக்கு அது சரிதான், என்னை மாதிரி அவசரமே இல்லாதவன் எதுக்கு பண்ணணும்.

நம்ம ஊர் பாலிசியும் இந்தப் பக்கம்தான் போயிட்டு இருக்கு. 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச கலைஞர் மகளிர் உரிமைத் தொகைல வருமானம், நிலம், கார் இதோட வருஷத்துக்கு 3600 யூனிட் கரண்ட்டுங்கறதும் ஒரு வரம்பு, சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மாசம் 1000 ரூபாய் போக ஆரம்பிச்சுது. இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு பதிவை வச்சு சலிக்காம வேற எப்படி செய்யறது, நியாயம்தான். அந்தத் திட்டத்துல எனக்குப் பட்ட முக்கியமான விஷயம் யூனிட் இல்ல, விண்ணப்பம் தள்ளுபடி ஆனவங்க மேல்முறையீடு பண்ணலாம், ஆளு வந்து பாத்து திருத்தலாம்னு வழி வச்சதுதான். 3600ஐ ஆறால வகுத்தா பில்லுக்கு 600 யூனிட். பெரிம்மா வீட்டு மீட்டரை அப்படியே ஒரு குடும்பம்னு எடுத்தா 640. அங்க போய் மூணு அடுப்பு இருக்குன்னு சொல்ல ஒரு கவுன்ட்டர் இருக்கு, என் மாடல்ல அது இல்ல. நான் போட்ட மார்க்கை எதுத்துக் கேக்கறதுக்கு பெரிம்மாவுக்கு இருந்த ஒரே வழி, நான் அவ தங்கச்சி பையன்ங்கறது.

மறுபடி எண்ணினது

அமைப்புக்காரங்க கிட்ட போய் லிஸ்ட்டைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொன்னேன். அவங்க திட்டல, அதுதான் இன்னும் சங்கடமா இருந்துச்சு. காலேஜ் படிக்கற ஆறு பொண்ணுங்களை வச்சு மூணு தெருவுல மட்டும் நேர்ல போய் கேக்கறதுன்னு முடிவாச்சு. கேள்வித்தாள் ஒரே பக்கம். முதல் கேள்வி, இந்த மீட்டர்ல எத்தன அடுப்பு எரியுது? ரெண்டாவது, இந்த வீட்டுக்கு எத்தன மீட்டர்? அப்புறம் கரண்ட்டுல ஓடற தொழில் ஏதாவது இருக்கா, கரண்ட்டில்லாம நடக்கற தொழில் என்ன. அந்த மூணு தெருவுல கிடைச்ச பதிலை வச்சு இபி கணக்கை திருத்தி, மத்த தெருவுங்களுக்கு அதை நீட்டறதுதான் ப்ளான், பெரிய டேட்டாவை நான் தூக்கி எறியல.

பேப்பர்ல வந்ததை கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது ஒரு வீட்டுல எர்ரர் அடிச்சுது. அடுப்பு எண்ணிக்கை போடற கட்டத்துல '2.5'ன்னு இருந்துச்சு. எழுதின பொண்ணுக்கு போன் போட்டு இன்னாம்மா இது, அரை அடுப்புன்னு ஒண்ணு கீதான்னு கேட்டேன். "இல்லண்ணா, அண்ணன் தம்பி மூணு குடும்பம், ரெண்டு பேரு எப்பவும் தனி சமையல். மூணாவது தம்பி வீட்டுல மட்டும் மதியானம் அம்மாவோட சேர்ந்து சாப்பிடறாங்க, ராத்திரிக்கு மட்டும் தனியா பொங்கறாங்க. ரெண்டுன்னு போடவா மூணுன்னு போடவா?"ன்னு கேட்டுச்சு. அந்தக் கட்டத்தை முழு எண் மட்டும் வாங்கற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தது நான்தான். போய் அதை மாத்தினேன்.